பந்துரா காட்டில் இருக்கட்டும்

மழைக்காடு பார்க்கப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்புவதில்லை. கித்துள் பாணி ஒரு போத்தல், கறுவாப்பட்டை ஒரு கட்டு, இப்போது அவற்றோடு ஈரச்சாக்கில் சுற்றிய ஒரு கொடியும் வாகனத்தில் ஏறிவிடுகிறது. இலை நுனியில் கெண்டி தொங்கும் அந்தக் கொடியைச் சிங்களத்தில் பந்துரா வெல் என்பார்கள். உயிரியல் படிக்கும் எங்களுக்கு அது நெப்பந்திஸ். எனக்குத் தெரிந்த மூன்று வீடுகளுக்கு அது இப்படி வந்து சேர்ந்தது. மூன்றிலும் ஒரே கதைதான். முதல் வாரம் வருகிறவர் போகிறவர் எல்லோரும் கெண்டிக்குள் எட்டிப் பார்த்தார்கள். பிள்ளைகள் எறும்பு பிடித்துப் போட்டார்கள். இரண்டாம் மாதம் பூச்சாடியில் ஒரு காய்ந்த தண்டு நின்றது. "கண்டித் தண்ணி ஒத்துக்கொள்ளல்ல" என்று வீட்டார் சொன்னார்கள்.

தண்ணீரும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கொடியை அங்கிருந்து பிடுங்கியதுதான் முதல் காரணம். பூச்சி பிடிக்கும் செடி ஒன்றை வீட்டில் வைத்துப் பார்க்க ஆசையாக இருந்தால், அந்த ஆசையை நான் குறை சொல்லமாட்டேன். எனக்கும் அது உண்டு. அதற்குப் பந்துரா தேவையில்லை, யன்னல் ஓரத்தில் வளரக்கூடிய வேறொரு செடி இருக்கிறது என்பதே என் கருத்து.

முதலில் பந்துராவைப் பற்றிச் சொல்லவேண்டும். நெப்பந்திஸ் டிஸ்டிலட்டோரியா என்ற இந்த இனம் இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை. சிங்கராஜா, கன்னெலிய போன்ற தென்மேற்கு ஈரவலயக் காடுகளும் அவற்றின் ஓரங்களும்தான் அதன் வீடு. லின்னேயஸ் 1753இல் தாவரங்களுக்கெல்லாம் இரட்டைப் பெயர் சூட்டி எழுதிய பெருநூலில், நெப்பந்திஸ் என்ற பேரினத்தின் கீழ் அவர் எழுதியது ஒரே ஓர் இனத்தை. அது நம் பந்துரா. இன்று அந்தப் பேரினத்தில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. போர்னியோவில், சுமத்ராவில், பிலிப்பைன்ஸில் எத்தனையோ பெரிய கெண்டிகள் இருந்தாலும் பெயரின் அடி நம் நாட்டுச் செடியில் நிற்கிறது. நெப்பந்தே என்பது ஹோமரின் காவியத்தில் துயரை மறக்கச் செய்யும் ஒரு மருந்து. நெடும்பயணம் செய்து களைத்த ஒரு தாவரவியலாளன் இந்தச் செடியைக் கண்டால் பட்ட பாடெல்லாம் மறந்துபோவான் என்று நினைத்துத்தான் லின்னேயஸ் அந்தப் பெயரை வைத்தார். கண்ட இடத்திலேயே நின்று பார்த்து மறப்பதைத்தான் அவர் சொன்னார் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

"கிராமத்து ஆட்கள் காலங்காலமாக அறுக்கிறார்கள்தானே?" என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான். பந்துராக் கொடியைக் கயிறாகக் கட்டவும் கூடை பின்னவும் அவர்கள் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். மலேசியாவில் நெப்பந்திஸ் கெண்டிக்குள் ஒட்டரிசியும் தேங்காய்ப்பாலும் இட்டு அவித்து உண்கிறார்கள். அங்கே அந்தக் கெண்டிக்குப் பெயர் குரங்குச் சட்டி. (நம் மலாய்த் தோழிகள் வீட்டில் யாராவது அதைச் சமைத்தால் எனக்கு ஒரு வாய் தாருங்கள்.) ஆனால் கொடியை அறுப்பவர் வேரை விட்டுவிடுகிறார், அது திரும்பத் துளிர்க்கும். சுற்றுலா போகிறவர் வேரோடு எடுக்கிறார். இன்னொன்றும் இருக்கிறது. பந்துராவில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பாதையோரத்தில் நின்ற ஒரே பெண் கொடியை ஒருவர் பிடுங்கிப்போனால், அக்கம்பக்கத்து ஆண் கொடிகள் பூத்து என்ன பயன்?

கொண்டுவந்த கொடி வீட்டுக்குள் பிழைப்பதும் இல்லை. அதன் வேர் மிக மெல்லியது. பிடுங்கும்போதே பாதி அறுந்துவிடும். காட்டின் ஈரக்காற்று இல்லாவிட்டால் புதிய இலைகள் வரும், கெண்டி வராது. கடையில் வாங்கிய பசளை மண் அதன் வேருக்கு நஞ்சு மாதிரி. சட்டமும் இதற்குக் குறுக்கே நிற்கிறது. பாதுகாக்கப்பட்ட காட்டிலிருந்து செடி எடுப்பது குற்றம். சிங்கராஜா 1988இலிருந்து உலக மரபுரிமைத் தலம். நெப்பந்திஸ் இனங்கள் எல்லாம் சைட்டிஸ் என்ற சர்வதேச உடன்படிக்கையின் பட்டியல்களில் இருப்பதால் அனுமதிப்பத்திரம் இல்லாமல் நாடு கடத்தவும் முடியாது. ஆனால் சட்டத்துக்குப் பயந்து விடுவதைவிட, அது சாகப்போகிறது என்று தெரிந்து விடுவது மேல்.

பந்துரா மட்டும்தான் நம் நாட்டுப் பூச்சியுண்ணி என்று நினைப்பவர்களுக்காக இரண்டு பெயர்களைச் சொல்லிவைக்கிறேன். துரோசெராவுக்குத் தமிழ் மருத்துவத்தில் அழுகண்ணி என்று பெயர். சிங்களத்தில் கந்துலெஸ்ஸ, கந்துல என்றால் கண்ணீர். இலை மயிர்களின் நுனியில் நிற்கும் பிசின் துளியைப் பார்த்து இரண்டு மொழிக்காரரும் தனித்தனியாக அழுகையைத்தான் நினைத்திருக்கிறார்கள். துரோசெராவின் ஓர் இனம் நுவரெலியா, ஹோர்ட்டன் சமவெளிப் பக்கத்து ஈரப் புல்வெளிகளிலும் இருக்கிறது; குனிந்து பார்க்காவிட்டால் தெரியாது. மற்றது யூட்ரிகுலேரியா. வயலோரச் சேற்றில் நீலப் பூவாக நிற்கும் அதன் ஓர் இனத்தைச் சிங்களத்தில் நில் மொனரெஸ்ஸ என்பார்கள். மொனரா என்றால் மயில். நம் ஊர்களில் வயல் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அதைப் பறித்துக் காதில் செருகியிருப்பார்கள், அது மண்ணுக்குள் சிறு பைகளை வைத்து நுண்ணுயிர் பிடிக்கிறது என்று அறியாமலே.

இந்த நில் மொனரெஸ்ஸவின் குடும்பத்தில் பிறந்ததுதான் நான் சொல்லவந்த செடி. விஞ்ஞானப் பெயர் பிங்குயிகுலா, ஆங்கிலத்தில் பட்டர்வோர்ட். பிங்குயிஸ் என்றால் இலத்தீனில் கொழுப்பு. இலையைத் தொட்டால் விரலில் வெண்ணெய் தடவியது போலிருக்கும், ஆகையால் நான் வெண்ணெய்ப் பூண்டு என்று அழைக்கிறேன். இலங்கையில் அது இயற்கையாக இல்லை. ஐரோப்பா, வட ஆசியா, அமெரிக்கக் கண்டங்கள் அதன் நாடுகள். நமக்கு மிக அண்மையில் இமயமலையில் ஓர் இனம் இருக்கிறது. லாப்லாந்து மக்கள் இதன் இலைமேல் சூடான பாலை ஊற்றித் தயிர் போல உறையவைப்பதை லின்னேயஸ் எழுதியிருக்கிறார். இதை உம்மாவிடம் சொன்னபோது, "அப்ப நமக்கு மீகிரி செய்யவும் ஒரு இலையக் கொண்டா" என்றார்.

பார்வைக்கு அது பந்துரா போல் பகட்டாக இருக்காது. ரோசாப்பூ இதழ் விரித்தது போல் தரையோடு ஒட்டிய இலைகள். நடுவில் நீண்ட காம்பில் ஊதா அல்லது இளஞ்சிவப்புப் பூ. இலையின் மேற்பரப்பில் இரண்டு வகைச் சுரப்பிகள். காம்புள்ளவை பிசினைச் சுரந்து சின்னஞ்சிறு ஈக்களை ஒட்டவைக்கும். காம்பில்லாதவை பிறகு நொதியத்தைச் சுரந்து அவற்றைக் கரைக்கும். டார்வின் 1875இல் பூச்சியுண்ணும் தாவரங்களைப் பற்றி எழுதிய நூலில் இதற்கென்று ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். இலையில் விழும் மகரந்தத்தையும் விதையையும்கூட அது விடுவதில்லை என்று அவர் கண்டார். பரீட்சைக்குப் படிக்கும் தோழிகள் ஒன்றைக் கவனிக்கவேண்டும்: இந்தச் செடிகளுக்குப் பூச்சி சோறு அல்ல, பசளை. சோற்றை அவை நம் வீட்டுக் கறிவேப்பிலை போலவே வெயிலில் சமைத்துக்கொள்கின்றன. மண்ணில் கிடைக்காத நைதரசனும் பொசுபரசும்தான் பூச்சியிலிருந்து வருகின்றன.

வெண்ணெய்ப் பூண்டை வாங்கிச் சாகவிட்டவர்கள் பலர், எந்தப் பூண்டு என்று கேட்காமல் வாங்கியவர்கள். ஏறக்குறைய நூறு இனங்கள் உண்டு. ஐரோப்பிய இனங்கள் குளிர்காலத்தில் இலையெல்லாம் இழந்து ஒரு மொட்டாகச் சுருங்கித் தூங்கும். மாதக்கணக்கில் கடுங்குளிர் வேண்டும். அந்தக் குளிர் கண்டியில் எந்த யன்னலிலும் இல்லை. மெக்சிக்கோ இனங்கள் வேறு மாதிரி. மலைச்சரிவுப் பாறையிலும் பாசியிலும் வளர்கின்றவை. மழைக்காலத்தில் அகன்ற பிசின் இலை, வரண்ட காலத்தில் கற்றாழைக் குஞ்சு போல் சிறிய தடித்த இலை. 20 பாகைக்கும் 30 பாகைக்கும் இடையில் அவற்றுக்குச் சுகம். கண்டி நகரமும் கட்டுகஸ்தோட்டை, பேராதனை, அக்குறணைப் பக்கங்களும் பெரும்பாலான நாட்களில் அப்படித்தான் இருக்கின்றன. மொரனென்சிஸ், ஜைகன்டியா என்ற பெயர்களைக் கேட்டால் நம்பி வாங்கலாம்.

வளர்க்கும் முறை மிக எளிது. கெடுவது பெரும்பாலும் நம் அன்பினால்தான். நம்மவர்களுக்குச் செடி என்றால் மாட்டெரு, தேயிலைச் சக்கை, முட்டைக்கோது என்று எதையாவது போடவேண்டும். இதற்கு எதுவும் போடக்கூடாது. நன்றாகக் கழுவிய ஆற்று மணல், பேர்லைட், கொஞ்சம் பீட், அவ்வளவுதான் சாடிக்குள். தும்புச்சோறு மலிவு என்று பலர் அதைப் போடுகிறார்கள். அதில் உப்பு தங்கியிருக்கும், பலமுறை ஊறவைத்துக் கழுவாமல் அதைத் தொடாதீர்கள். பசளை கலந்த பொதி மண் வேண்டவே வேண்டாம்.

தண்ணீர் மழைத்தண்ணீர். கண்டியில் இதற்கா பஞ்சம்? கூரையின் தூசியும் இலையும் கழுவிப்போகும்வரை கொஞ்ச நேரம் விட்டு, பிறகு பீலியிலிருந்து பிடித்து மூடிவைத்தால் மாதக்கணக்குக்குப் போதும். குழாய்த் தண்ணீரில் கரைந்துள்ள உப்புகள் சாடியில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். மெக்சிக்கோ இனங்களில் பல சுண்ணாம்புப் பாறையில் வளர்வதால் ஒருநாள் இருநாள் குழாய்த் தண்ணீர் ஊற்றியதற்காகச் செத்துவிடாது. அதற்காக வழக்கமாக்க வேண்டாம். மேலே ஊற்றாதீர்கள். பிசின் கழுவுண்டு போகும், நடுக்குருத்தில் நீர் நின்றால் அழுகும். சாடியின் கீழே ஒரு தட்டில் விரல் நகம் உயரத்துக்கு நீர் விட்டால் போதும். அது உறிஞ்சி முடிந்து ஒரு நாள் காய்ந்த பிறகு அடுத்தது. இலைகள் சிறுத்துத் தடிக்கத் தொடங்கினால் செடி ஓய்வெடுக்கப் போகிறது என்று அர்த்தம். அப்போது தண்ணீரை இன்னும் குறைக்கவேண்டும். பலர் இதைப் பார்த்துப் பயந்து இன்னும் ஊற்றுகிறார்கள். அங்கேதான் அது சாகிறது.

வெளிச்சம் கிழக்கு யன்னலில். காலை வெயில் பட்டால் இலை இளஞ்சிவப்பாக மாறும், பட்டாவிட்டால் வெளுத்துத் தளரும். உணவு தேடிக்கொடுக்கத் தேவையில்லை. சாடி மண்ணிலும் வாழைப்பழத்தைச் சுற்றியும் பறக்கும் அந்தப் பொடி ஈக்கள் தாமே வந்து ஒட்டிக்கொள்ளும். இறைச்சித்துண்டு வைக்காதீர்கள்; இலை அழுகி வீடு நாறும்.

இனிப் பெற்றோருக்குச் சொல்லவேண்டிய முக்கியமான விடயம். தட்டில் தண்ணீர் என்றதுமே உங்களுக்கு டெங்கு நினைவு வந்திருக்கும். வரத்தான் வேண்டும். நம் பக்கங்களில் ஒவ்வொரு மழைக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் வீடு வீடாக வந்து பூச்சாடித் தட்டையும் குளிர்சாதனப்பெட்டியின் பின்தட்டையும் கவிழ்த்துப் பார்க்கிறார்கள். டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் நுளம்பாக ஆக ஒரு வாரம், பத்து நாள் போதும். ஆகையால் தட்டு மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை முழுதாகக் காயவேண்டும். காய்ந்ததும் உட்பக்கத்தைத் தும்புத்தூரிகையால் தேய்க்கவேண்டும், முட்டை சுவரில் ஒட்டியிருக்கும். வெண்ணெய்ப் பூண்டுக்கும் இப்படிக் காய்ந்து நனைவதுதான் பிடிக்கும் என்பது நம் அதிர்ஷ்டம். சேமித்த மழைநீர் வாளிக்கு இறுக்கமான மூடி. இதைச் செய்ய நேரமில்லாத வீட்டில் இந்தச் செடி வேண்டாம் என்றே நான் சொல்வேன், எவ்வளவு ஆசை இருந்தாலும். நுளம்பையெல்லாம் தின்று டெங்குவை விரட்டும் செடி என்று சொல்லி யாராவது விற்றால் அவரிடம் வாங்காதீர்கள். இதன் பிசின் பொடி ஈயைப் பிடிக்கும் அளவுதான். ஓரிரு நுளம்பு ஒட்டலாம். அதை நம்பி நுளம்பு வலையைக் கழற்ற முடியாது.

"உயர்தரம் படிக்கிற பிள்ளைக்கு இது எதுக்கு?" என்று என் மாமி கேட்டார். பல வீடுகளில் இதே கேள்வி எழும் என்று தெரியும். ஒரு நாளைக்கு இரண்டு நிமிடம் போகிறது. பிரத்தியேக வகுப்புக்குப் போக பஸ்ஸுக்குக் காத்து நிற்பதோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமில்லை. விசேட போசணை முறைகள் என்ற பகுதியில் இந்தத் தாவரங்களுக்குச் சில வரிகள்தான். அதை மனப்பாடம் செய்துவிட்டு, உயிரோடு ஒன்றையும் பார்க்காமலே நாங்கள் பரீட்சை எழுதுகிறோம். காம்புள்ள சுரப்பி, காம்பில்லாத சுரப்பி என்பதைக் கைவில்லையால் நானே பார்த்த பிறகு அந்த வரிகளை எனக்கு யாரும் நினைவூட்டத் தேவைப்படவில்லை. நம் ஆய்வுகூடத்தின் கிழக்குப் பக்க யன்னலில் ஒரு சாடி வைக்க இடம் இருக்கிறது. விடுமுறையில் யார் வீட்டுக்குக் கொண்டுபோவது என்று முறை வைத்துக்கொண்டால் முடிந்தது.

இன்னொரு கேள்வி கொஞ்சம் ஆழமானது. உயிர்களைக் கொல்லும் செடியை ஆசைக்காக வளர்க்கலாமா என்று ஒரு தோழி கேட்டாள். நான் ஆலிமா அல்ல, இது என் மனதுக்குப் பட்டது மட்டும். அல்லாஹ் அந்தச் செடியை அப்படிப் படைத்திருக்கிறான். பூனை எலி பிடிப்பதற்கு நாம் பொறுப்பாளி அல்லாதது போல, தானாக வந்து ஒட்டும் ஈக்கும் நாம் பொறுப்பாளி அல்ல. ஆனால் உயிருள்ள பூச்சியைப் பிடித்து, அது துடிப்பதைக் கைபேசியில் படமெடுப்பதற்காக இலையில் போடுவது வேறு. பூனையைக் கட்டிவைத்து, தானும் உணவு கொடுக்காமல் தேடித் தின்னவும் விடாமல் வதைத்த பெண்ணைப் பற்றிய ஹதீஸ் நாம் சிறுவயதில் கேட்டதுதான். எறும்பின் பெயரிலும் தேனீயின் பெயரிலும் ஸூறாக்களை ஓதிவிட்டு எறும்பைக் கெண்டிக்குள் போட்டுச் சிரிப்பது எனக்குப் பொருந்தவில்லை. அந்த மூன்று வீடுகளிலும் என்னை உறுத்தியது செடி செத்தது மட்டுமல்ல, இதுவும்தான்.

செடி எங்கே கிடைக்கும் என்பது கடைசிக் கேள்வி. வளைகுடாவிலோ ஐரோப்பாவிலோ இருக்கும் நானாமாரும் சாச்சாமாரும் விடுமுறைக்கு வரும்போது பெட்டிக்குள் ஒளித்துக் கொண்டுவரச் சொல்லாதீர்கள். 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் அனுமதியும் தாவரச் சுகாதாரச் சான்றிதழும் கேட்கிறது. கட்டுநாயக்காவில் அதற்கென்றே தடுப்புக்காப்பு நிலையம் இருக்கிறது. ஒரு சாடி மண்ணோடு எந்தப் பூச்சியும் நோயும் வந்து நம் தேயிலைக்கும் மரக்கறிக்கும் சேரலாம் என்பதால்தான் அந்தக் கெடுபிடி. நுவரெலியா புல்வெளியிலிருந்து அழுகண்ணியைக் கிள்ளி வருவதும் பந்துரா பிடுங்குவதும் ஒன்றே. ஏற்கனவே இங்கே வளர்ப்பவர் ஒருவரிடம் கேட்டு வாங்குவதுதான் வழி. வெண்ணெய்ப் பூண்டின் பெரிய நன்மை இங்கேதான் இருக்கிறது. முழுச் செடி தேவையில்லை. ஓய்வுக்காலத்துத் தடித்த இலையை அடியோடு மெதுவாகக் கழற்றி, ஈர மணலின் மேல் கிடத்தி, கண்ணாடிக் கிண்ணத்தால் மூடிவைத்தால் சில வாரங்களில் இலையின் அடியில் கடுகளவு குஞ்சுச்செடி ஒன்றோ இரண்டோ முளைக்கும். தாய்ச்செடிக்கு நோகாது.

என்னுடையதும் அப்படிப் பேராதனையில் ஒரு ஆன்ட்டி தந்த ஓர் இலையிலிருந்து வந்ததுதான். இப்போது யன்னலில் ஏழு நிற்கின்றன. அடுத்த ஓய்வுக்காலத்தில் கழற்றும் இலைகளை வகுப்புக்குக் கொண்டுவருவேன், இன்ஷா அல்லாஹ். வேண்டியவர்கள் பெயர் தாருங்கள். தட்டைத் தேய்த்துக் காயவைப்போம் என்று உம்மாவோ வாப்பாவோ ஒப்புக்கொண்ட வீடுகளுக்கு முதலில்.